அம்மா வழியில் வந்த ஓர் எழுத்து

என் செல்ல அம்மாவுக்கு,

"வாய்க்குள்ளயே பேசாதடி, சத்தமாச் சொல்லு" என்பாய். எனக்குச் சத்தம் வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ எங்களை விட்டுப் போன மறுமாதம் மதுரை ஆஸ்பத்திரியில் உன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுத்தார்கள். அய்யா கொத்தனார் என்று தெரிந்ததும் டாக்டரம்மா அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் தெம்பு உண்டாக்குகிற சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றனவாம். மைட்டோகாண்ட்ரியா என்று பேர். அந்த அடுப்பைக் கட்டக் கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாள் மாதிரி ஒன்று, டி.ஆர்.என்.ஏ. அந்தச் சித்தாளின் மரபணுவில் உனக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததாம். சர்க்கரை, காது மந்தம், ஓயாத அசதி, கடைசியில் வந்த அந்த வலிப்பு, எல்லாம் அதனால்தான்.

ஓர் எழுத்து, அம்மா.

மிளகாய்க் காட்டில் நீ பாதியில் உட்கார்ந்துவிடுவாய். "மகாராணி உக்காந்துட்டாக, குடை பிடிங்கடி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். அதைத் திமிர் என்றார்கள். வீட்டு வேலைக்காக ஒன்பதாம் வகுப்போடு நின்ற கோபத்தில் நானும் ஒருநாள், "நடிக்காதம்மா" என்றேன். உன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன். உனக்குக் கேட்டதா?

இப்போது காட்டில் யார் முதுகைப் பார்த்தாலும் நீயாகத் தெரிகிறது. திரும்பிவிடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

உனக்காக அய்யாவின் குலசாமிக்கு இரண்டு தடவை கிடா வெட்டினோமே. குலசாமி வருவது அய்யா வழியில். இந்த நோய் அம்மா வழியில் மட்டும்தான் வருமாம். தப்பான வாசலில் போய் நின்று கேட்டிருக்கிறோம்.

அப்படியென்றால் எனக்கும் தங்கச்சி முத்துவுக்கும் வந்திருக்கும். யாருக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் செய்யாமலே போகலாமாம். இரண்டு பேரையும் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா. அய்யாவின் அக்கா விடவில்லை. "ஏத்தா, வெளிய தெரிஞ்சா உங்களை எவன் கட்டுவான்? பேசாம இரு" என்றார் அத்தை. அய்யா தரையைப் பார்த்தார். நானும் சரியென்று தலையை ஆட்டினேன்.

நேற்று முத்து கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும், "என்னக்கா, பூனை மாதிரி வந்து நிக்கிற?" என்று சிரித்தாள். உன் சிரிப்பு.

என் குரல்தான் சின்னது என்று சொல்லிக்கொண்டேன். கத்திக் கூப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவளை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன், அம்மா. நானும் ஊசிக்குக் கை நீட்டுவேன். போவதற்கு முன்னால் அத்தையிடம் நானே சொல்வேன், சத்தமாக. முத்து என்றைக்காவது அசந்து உட்கார்ந்தால், நடிக்கிறாள் என்று ஒருத்தரையும் சொல்ல விடமாட்டேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்வேன்.

நீ கொடுத்ததில் எது வந்திருந்தாலும்,
உன் மூத்தவள்
செல்வி