சாரம் கட்டுகிறவன் ஓடப் போகிறான்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

வரும் விடுமுறை நாளில் நான் ஓட்டப் பந்தயம் ஓடுகிறேன். சிரிக்காதீர்கள், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன்தான். மனசு உடைந்த ஆண்கள் பேசுவதைக் கேட்க எங்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு ஓர் ஆலோசகர் வேண்டும். அதற்குத்தான் ஓடி, பார்க்கிறவர்களிடம் நன்கொடை திரட்டுகிறோம்.

காரணம், என்னோடு சாரம் கட்டுகிற மொட்டை. போன மாதம் சாரத்தின் உச்சியில், விழாமல் காக்கும் பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் நின்றான். நான் பார்த்து மாட்டிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை. கீழே வந்ததும், "மறக்கல மச்சான், வேணும்னுதான் மாட்டல" என்றான்.

ஆலோசகர் வேண்டும் என்றதும் மேஸ்திரிக்குக் கேலி. "ஆம்பளைக்கு என்னய்யா மனசு வலி? தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

"கொக்கி மாட்டிட்டியான்னு ஒருத்தர ஒருத்தர் கேக்காம மேல ஏற விடமாட்டீங்க. மனசு எப்படி இருக்குன்னும் கேட்டா என்ன, கொறஞ்சா போயிடும்?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும். அவர் கண்ணெதிரிலேயே வேலை பூட்ஸோடு ஓடிப் பழகுகிறேன். மொட்டையும் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வருகிறான்.

இங்கே வரப்போகும் சித்தப்பா மகனிடம் என் பழைய கேன்வாஸ் ஷூவைக் கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் கையெழுத்தில் நாலு வரி.

வேலைக்கு ஏற்றிப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று. அம்மா போனதிலிருந்து, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். இனி விடமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி, கேட்கிறேன்.

அப்பா, கொக்கி மாட்டியிருக்கிறீர்களா?

உங்கள் மகன்