உன் அறைப் படம் என்று வந்த மெயில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஒற்றை அறையில் பயமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இதென்ன, அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். என் ஆபீஸ் மெயிலைப் பூட்டிவிட்டார்கள். வீட்டு மெயில் எல்லோருக்கும் பொது, அப்பா பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத் திறந்துவிடுவார். போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

நீ உன் வீட்டுக்காரரை விட்டுத் தனியாக வந்ததை ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று தலைப்புப் போட்டு என் ஆபீஸுக்கு எழுதினாய் அல்லவா. எந்தத் திருடனோ அதைப் படித்துவிட்டு, அதே தலைப்பில், உன் பெயரிலேயே, ‘என் புது அறைப் படம்’ என்று ஒரு இணைப்பை அனுப்பியிருக்கிறான். கண்டதைத் திறக்காதீர்கள் என்று பதிவுப் பிரிவுப் பெண்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான்தான். உன் அறைக்கு ஒரு ஜன்னலாவது இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், எங்கள் ஆஸ்பத்திரி முழுக்க கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. ஸ்கேனுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம், ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு பெரியவர், வெறும் வயிற்றோடு வந்திருக்கேம்மா என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. இப்படித் தாக்குதல் நடந்தால் அந்த விவரத்தை அரசாங்கப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் மற்ற எல்லா இடங்களுக்கும் எச்சரிக்கை கொடுப்பார்கள், சம்பந்தமில்லாத சொந்த விஷயங்களை மட்டும் நாம் முன்கூட்டியே எடுத்துவிடலாம். திறந்தவள் நான் என்பதால் அறிக்கையில் என் கையெழுத்து வேண்டுமாம், அதிலிருந்து உன் கடிதத்தை எடுக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வக்கீல், உங்க பொண்ணு எழுதினதை வெச்சுத்தானேம்மா திருடன் உள்ள வந்தான், அது எப்படி சம்பந்தமில்லாததாகும் என்று கேட்டார். அதோடு, அனுப்புற நம்ம மேல யாரும் கேஸ் போட முடியாது, தைரியமா கையெழுத்துப் போடுங்க என்றார். என் கவலை கேஸாம்! அந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்திருப்பேன், ஆனால் போன மாதம் இன்னொரு ஆஸ்பத்திரியில் இதே போல நடந்து, வெட்கப்பட்டு மூடி மறைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் பட்டினியோடு திரும்பியிருக்க மாட்டார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாமென்றால், எச்சரிக்கை வெளியாகும்வரை வெளியாள் யாரிடமும் மூச்சு விடக்கூடாதாம். நீ எனக்கு வெளியாளாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கையெழுத்துப் போட்டுவிட்டேன், என்னை மன்னித்துவிடு.

என் பெயர், உன் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாவற்றையும் மையத்தில் அழித்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எச்சரிக்கை அறிவிப்பில் தலைப்பும் இணைப்பின் பெயரும் மட்டும் அப்படியே இருக்கின்றன, அதைச் சொல்லாமல் எப்படி எச்சரிப்பது. அந்த அறிவிப்பு அப்பாவின் மின்சார ஆபீஸுக்கும் வந்துவிட்டது. அங்கே வருகிற அறிவிப்புகளைப் பலகையில் ஒட்டுவது யார் வேலை என்று உனக்குத் தெரியும். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது அவரே பேச்சை எடுத்தார். யாரோ ஒரு பொண்ணு, பாவம், பெத்த அப்பன்கிட்ட சொல்ல முடியாம அம்மாவுக்கு எழுதியிருக்கு, அதைப் போய் ஊரெல்லாம் ஒட்ட வெச்சுட்டாங்க, அந்த அப்பன் எப்படிப்பட்ட ஆளோ என்று வருத்தப்பட்டார். நம்ம பொண்ணுன்னா எதுவானாலும் முதல்ல எங்கிட்டதான் சொல்லும் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.

நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தவள், சொல்லாவிட்டால் தினமும் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் பேசுகிறவள். என்னால் இனி முடியவில்லை, கண்ணு. வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம், நீயே சொல்லிவிடு.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு, தனியாக இருக்கிறோமே என்று சமையலை விட்டுவிடாதே. உனக்கு எல்லா நல்லதும் நடக்கும், என் ஆசி என்றும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பாவுக்கு மெயில் அனுப்பாதே. பெற்ற மகள் பெயரில் வந்தாலும் திறக்கக் கூடாது என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். போன் செய். நீ என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா