வில்கமுவ வழியில் நிற்காத யானை

மச்சான்,

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நம்முடைய லொறியின் டிஃப்பை ஒரு நாள் திரும்பக் கழற்ற வேண்டி வரும், அப்போது நீ பக்கத்தில் இருக்கமாட்டாய், உள்ளே நான் நினைக்காத ஒன்று இருக்கும் என்று உக்குவளைச் சந்தியில் நின்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னவன் நான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய ஆட்கள் சொல்வதை எந்த ஊரில் கேட்டிருக்கிறார்கள்!

இதை எழுதுகிற கை நாறுகிறது. கியர் எண்ணெய் நாற்றம் உனக்குத் தெரியாததா? வெடித்த பட்டாசையும் கெட்டுப்போன முட்டையையும் சேர்த்து அரைத்த மாதிரி. சவர்க்காரம் போட்டேன், சாம்பல் போட்டேன், தேசிக்காய் தேய்த்தேன். போகவில்லை. இன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரி சோற்றுக் கோப்பையைத் தரையில் வைத்துக் காலால் தள்ளாத குறைதான்.

லொறி என் வாசலில் ஜாக்கின் மேல் நிற்கிறது. பின் அச்சின் நடுவில் இருந்து சக்கரங்களைச் சுழற்றுகிற டிஃப்பை நானே இறக்கி அரிசிச் சாக்கின் மேல் வைத்திருக்கிறேன். லொறி ஓடாவிட்டால் எனக்கு மட்டுமா நட்டம்? பாதி லொறி உன்னுடையது. நீ போன பிறகு உன் வீட்டுக்காரியின் அடுப்பு எரிவது அந்தப் பாதியில்தான். பிறகு ஏன் நீயே கழற்றினாய் என்று கேட்பாய். கேட்க உனக்கு வாய் வந்தால் கேள்.

நாம் வாங்கின புதிதில் அந்த லொறிக்குச் சமதரையில் ஓடத்தான் தெரியும். ஜப்பான்காரன் மேடு என்று ஒன்றைப் பார்க்காமலே செய்திருக்க வேண்டும். தம்புள்ளைப் பக்கம் விட்டால் பறக்கும். லக்கலையில் நெல் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் ஏற்றத்துக்கு வந்தால் மூச்சு வாங்கும். பின்னால் வருகிற பஸ்காரன் இறங்கி நடந்து வந்து, நம்மிடம் நெருப்புப் பெட்டி வாங்கி, பீடியைக் குடித்து முடித்துத் திரும்ப ஏறுவான். இதில் கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறேன்.

டிஃப்புக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடியை, பெரிய கிரவுனையும் சின்னப் பினியனையும், இழுவை கூடின ஜோடியாக மாற்றினால் ஏறும் என்று கண்டுபிடித்தவன் நான். மாத்தளையில் கராஜ் வைத்திருக்கிற முஸ்லிம் மெக்கானிக், நாம் நானா என்று கூப்பிடுகிறவர், அவரும் அதையே சொன்னார், ஆனால் எனக்குப் பிறகு. பழைய லொறி உடைத்து விற்கிற இடத்தில் அப்படி ஒரு ஜோடியும் அகப்பட்டது. அதைக் கராஜில் கொடுப்பதா, நாமே மாற்றுவதா? அதுதான் வழக்கு. பினியனை மடியில் வைத்து உருட்டிக்கொண்டு நீ என் வீட்டில் உட்கார்ந்திருந்தாய்.

"மச்சான், இது விளையாட்டு இல்ல. பல்லு மயிரளவு விலகினாலும் போச்சு. நானாகிட்ட அளக்கிறதுக்கு கேஜ் இருக்கு."

"எனக்கு கண்ணு இருக்குடா."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "ரேடியோவையும் கண்ணாலதான் கழட்டினாரு தம்பி. அது இன்னும் பிஸ்கட் டின்லதான் பாடிக்கிட்டு இருக்கு."

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "ஏறுறது சரி. இறக்கத்துல பல்லு கடிச்சு பின் வீல் பூட்டிக்கிட்டா? ஓட்டுறது நான்தானே."

"அப்ப என் மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லு. லொறியும் வேணாம், கூட்டும் வேணாம்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே வேண்டாமென்று தள்ளியவன் நான். எனக்கு வாதம் செய்யவா தெரியாது? நீ பினியனைக் கீழே வைத்தாய். "சரிடா. நாமளே மாத்துவோம்" என்றாய். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தாய். அன்றைக்கு நான் செய்த வேலையை ஜப்பானில் பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங்குக்கு மகாலட்சுமி படம் போட்ட காலண்டர் அட்டையை வெட்டினேன், லட்சுமி உள்பக்கம் பார்க்கிற மாதிரி. பல் பதிகிற இடத்தைப் பார்க்கக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசிச் சுற்றினோம். பதிவு பல்லின் நடுவில் விழ வேண்டும். விழுந்தது ஓரத்தில், நெற்றியை விட்டுக் காதோரம் வைத்த பொட்டு மாதிரி.

"ஓரமா இருக்கே மச்சான்."

"ஓடுனா நடுவுக்கு வந்துரும்."

"பல்லு எங்கடா நகரும்?"

"புதுக் கல்யாணம்டா. பழகிக்கிறதுக்கு நாள் வேணாமா?"

நீ என் முகத்தையே பார்த்தாய். "நல்லா இருக்கு" என்றாய். மச்சான், அந்த "நல்லா இருக்கு"தான் ஆரம்பம்.

மறுநாள் வில்கமுவவுக்கு நெல் ஏற்றப் போவதாகச் சொன்னாய். லொறிக்கு அடியில் கிடந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நான் வரவில்லை. சாயந்திரம் வர வேண்டியவன் அடுத்த நாள்தான் வந்தாய், அதுவும் வெறும் லொறியோடு. "ரோட்டுல யானை நின்னுச்சு மச்சான். போக விடல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உனக்குக் கதை சொல்லத் தெரியாது.

எனக்குத் தெரியுமே! அந்த ஒரு யானையை நான் மூன்றாக்கினேன். ஒன்றுக்குத் தந்தம் வைத்தேன். அது துரத்தத் துரத்த, நான் போட்ட கியரில் லொறி பின்பக்கமாகவே மேட்டில் ஏறியது என்று சந்தியில் தேநீர்க் கடையிலும் சலூனிலும் வருடக்கணக்காகச் சொன்னேன். யாராவது சிரித்தால் உன்னைக் கையால் காட்டுவேன். "கேளுங்க, ஓட்டுனவன் இருக்கான்ல!" நீ தலையாட்டுவாய். லொறியும் ரிவர்ஸ்டனில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. என் கை வேலை என்று நான் சொல்ல, நீ ஆமாம் என்பாய்.

போன மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்ச் சேர்ந்தாய். அதற்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். இந்த மாதம் பின்னால் ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. கராஜுக்குக் கொண்டு போங்கள் என்றாள் வீட்டுக்காரி. எதற்கு? போட்டவனுக்குக் கழற்றத் தெரியாதா? தனியாளாக இறக்கினேன். டிஃப்புக்கு அடியில் கொடுத்த சின்ன ஜாக் சரிந்தது. டிஃப் கல்லில் விழுந்து கிரவுனின் ஒரு பல் உடைந்தது. சரி, போனது போகட்டும் என்று பேக்கிங்கைப் பார்த்தேன். லட்சுமியைக் காணவில்லை. அட்டையே இல்லை. கராஜ்காரர்கள் பூசுகிற சாம்பல் நிறப் பசை காய்ந்து கிடந்தது. உள்ளே மெல்லிய தகட்டு வளையங்கள் வேறு. அவற்றை நான் வைக்கவே இல்லை.

பஸ் பிடித்து மாத்தளைக்குப் போனேன். நானா ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார்.

"என்னா அண்ணன், பழைய கதைய கேக்குறீங்க. நீங்க மாட்டின மத்த நாளே ஒங்கட கூட்டாளி கொண்டு வந்துட்டாரே. கேட்டுக்குள்ள வரக்குள்ளயே டிஃப்பு அழுதிச்சு. கழட்டிப் பாத்தா உள்ளுக்கு லட்சுமி! ராவு இங்கயே படுத்து, மறுநாள் நான் முடிச்சுக் குடுத்தாப் பொறகுதான் போனாரு."

"அப்ப வில்கமுவ? யானை?"

"என்ன யானை?"

"எனக்கு ஏன் நானா சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னுதானே நெனச்சன். சந்தியில நீங்க கதைக்கிறது பகிடிக்கெண்டு நெனச்சன்."

நீ அவரிடம் சொன்னாயாம்: "அவனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க நானா. மனுசன் உடைஞ்சு போயிருவான்."

நான் உடைவதா? கோபித்திருப்பேன், அது உண்மை. ஒரு மாதம் உன்னோடு பேசியிருக்கமாட்டேன். உன் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன். பிறகு கராஜுக்குப் போய் நானாவின் பக்கத்தில் நின்று, அந்தத் தகட்டு வளையம் எதற்கு, பதிவு நடுவில் விழ என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சண்டையை நீ எனக்குத் தரவில்லை.

பொய் என் தொழில், மச்சான். ஊருக்குத் தெரியும். நான் சொன்னால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். உன் வார்த்தையை யாரும் கழித்ததில்லை, நானும் கழிக்கவில்லை. என் கை நல்ல கை என்று நான் சொன்னபோது எனக்கே அரை நம்பிக்கைதான். நீ தலையாட்டியதால் முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் போன வாரம் ஸ்பேனரை எடுத்தேன். "ஒரு பெயாரிங்தான் போயிருக்கும். அப்பிடியே கொண்டு வந்திருந்தா ஒரு நாள் வேலை" என்றார் நானா. இப்போது ஜோடியையே மாற்ற வேண்டும். தேடிக் கிடைக்கிற வரைக்கும் லொறி நிற்கும்.

இதை உன் வீட்டுக்காரியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மிளகு காயப்போடுகிற இடத்தில் நாள்கூலி வேலை கேட்டிருப்பதாகச் சொன்னாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"கராஜுக்கே கொண்டு போயிருக்கலாமே அண்ணே."

"உன் புருசன் எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தா போயிருப்பேன் தங்கச்சி."

நடந்ததைச் சொன்னேன். நீ நானாவிடம் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு அப்படித்தான் அண்ணே. உங்களைன்னா அவருக்கு உசிரு" என்றாள்.

டிஃப்பை நாளைக்கு முச்சக்கர வண்டியில் போட்டு நானாவிடம் கொண்டு போகிறேன். இந்த முறை நான் மாற்றப்போவதில்லை. பக்கத்தில் நிற்பேன். வாயை மூடிக்கொண்டு நிற்பேன் என்று வீட்டுக்காரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாது.

இன்னும் ஒன்று. அந்த "உடைஞ்சு போயிருவான்" உன் வாயிலிருந்து வரவில்லை. "ஏன் எனக்கு மறைச்சான், ஏதாவது சொன்னானா?" என்று நான் நானாவைக் கேட்டது உண்மை. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்டும் செல்லல்ல அண்ணன். பழைய டயர்ல ஒக்காந்து டீ குடிச்சாரு" என்றார். மீதியை உக்குவளைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நான்தான் உண்டாக்கினேன்.

உன் வீட்டுக்காரி அதை உடனே நம்பிவிட்டாள். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.