அத்தாவின் சர்க்கரைக்கு யார் காரணம்

அன்பு மகள் நூருலுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். பாயான் பாரு வீட்டில் நானும் அம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் எனக்குச் சர்க்கரை என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தது உனக்குத் தெரியும். எட்டு மாதம் ஒரு வேளை தவறாமல் விழுங்கியும் சர்க்கரை இறங்கவில்லை, நான்தான் பதினொரு கிலோ இறங்கினேன். உன் அம்மா அதற்கு ஒரே காரணம்தான் கண்டுபிடித்தாள், நான் சூலியா தெருவில் நம் சாப்பாட்டுக் கடையில் திருட்டுத்தனமாக இனிப்புப் பால் டீ, அதான் தே தாரிக், குடிக்கிறேனாம். நம் சமையல்காரர் பிச்சைமுத்துவை உளவுக்கு வைத்தாள். அவரும் தினமும் "அண்ணன் வெறுந்தண்ணிதான் குடிக்கிறாருக்கா" என்று உண்மையைச் சொல்ல, அவரை நான் கைக்குள் போட்டுக்கொண்டேன் என்று முடிவு கட்டினாள். நீயும் போனில் "பொய் சொல்லாதீங்கத்தா" என்றாய்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கடையில் மீன் குழம்புச் சட்டி முன்னால் நின்றவன் அப்படியே சரிந்தேன். குழம்புக்குள் விழாமல் பிச்சைமுத்துதான் பிடித்தார். ஆஸ்பத்திரியில் காமினி என்ற டாக்டர், நான் இவ்வளவு மெலிந்திருக்கிறேனே என்று சந்தேகப்பட்டு இன்னொரு இரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, "ஆன்ட்டி, இது இனிப்பு தின்னு வந்தது இல்லலா. கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாம, இன்சுலின் சுரக்கிற இவரோட சொந்தக் கணையத்தையே அடிக்குது. இனிமே ஊசிதான்" என்றார். அம்மா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மாசமா உங்கள நம்பலியே" என்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். இதில் பரம்பரையும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது என் அக்கா சலேஹா பக்கத்தில் இருந்தாள். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல, எல்லாம் ஹபீபா வீட்டுச் சீக்கு" என்று உன் அம்மாவைக் கைகாட்டினாள். டாக்டர் சிரிக்காமல், "மரபணு பெத்தவங்ககிட்டேர்ந்துதான் வரும், பெண்டாட்டிகிட்டேர்ந்து வராது. இவரோட அத்தா அம்மா ரெண்டு பக்கத்திலேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்திருக்கலாம்" என்றார். முப்பது வருடமாக அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உன் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் பெருநாள். இப்போது பாசாரில் மீன்காரரிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் மீனுக்கு விலை கேட்கிறாள்.

ஆனால் நூருல், என்னிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம் அல்லவா. மரபணு இருந்தாலே நோய் வந்துவிடாது, பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை, வேறு ஏதோ ஒன்று, ஒரு வைரஸாகக்கூட இருக்கலாம், தூண்டிவிட வேண்டும், அது எதுவென்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். பழிபோட ஆள் கிடைக்காததில் அக்காவுக்குத்தான் வருத்தம். போன மாதம் வீடியோவில் நீ மெலிந்து தெரிந்தாய், அடிக்கடி எழுந்து தண்ணீர் குடித்தாய். டயட் என்றாய். நம்புகிறேன் மகளே, நம்பாவிட்டால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வாரமே போய் இரத்தம் கொடுத்துப் பார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தருவானாக. முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல், அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

துஆவுடன்,
உன் அத்தா
ஷேக் அலாவுதீன்