வெட்டிவிட்ட மர்ஹூம்

2006 மார்ச், செவ்வாய் இரவு

சுனாமி வீட்டுத்திட்ட விபரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது, பழைய கோப்பிலிருந்த பெயர்கள் அதில் பொருந்தவில்லை. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மர்ஹூம்’ என்ற சொல்லை வெட்டிவிடும்படி கட்டளை எழுதினேன். எல்லாம் பொருந்தியது.

இன்று மருதமுனை ஆமினா ராத்தா எங்கள் அலுவலகக் கடிதத்தோடு வந்தார். கடல் கொண்டுபோன அவருடைய கணவரின் ஜனாஸா கிடைக்கவே இல்லை.

“தம்பி, இதுல அவர்ர பேருக்கு மர்ஹூம் போடல்லயே. ஆள எங்கயும் கண்டெடுத்தாங்களா?”

“இல்ல ராத்தா. கம்ப்யூட்டர் உட்ட பிழை.”

“ஓம், நானும் அப்படித்தான் நெனச்சன்” என்று எழுந்தார். அவர் கையிலிருந்த பைக்குள் ஆண்கள் உடுக்கும் புதுச் சாரன் ஒன்று தெரிந்தது.

பிழை என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசல்வரை கூடப்போனேன், சொல்லவில்லை.