சொன்னவர்: அமுதம், செலியமேடு

12 அக்டோபர் 1936, பாகூர்

எனக்கு 'ம' விழுந்தது. மிராசுதார் சுப்புராயன் அகராதி போடுகிறார். புத்தகங்களில் ஏறாத ஊர்ச் சொற்களைத் திரட்டி அச்சிட்டால் பண்டிதர்கள் தேடி வந்து சால்வை போர்த்துவார்கள் என்பது அவர் கணக்கு. எட்டுப் பேருக்கு எழுத்துகளைப் பங்கு வைத்தார். மற்ற ஏழு பேரும் பட்டணத்தில் விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதுவார்கள். வயலில் இறங்க ஒப்புக்கொண்டவன் நான் ஒருவன்தான். வில்லியனூரில் அப்பாவின் மளிகைக் கடையில் புளி நிறுப்பதைவிட இது மேல்.

அவருடைய அரிசி ஆலைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு தகரப் பெட்டி. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சொல், பொருள், வந்த வழி, ஊர். சனிக்கிழமைதோறும் சீட்டுகளை அவரிடம் கொடுக்க வேண்டும்; அவர் படித்ததும் அவை பெட்டிக்குத் திரும்பும்.

15 அக்டோபர்

மூன்று சீட்டுகள். மிராசு: அரபு, பரம்பரை நில உரிமை. மேரி: ஊராட்சிக் கட்டடம், பிரெஞ்சு. முசே: துரை, அதுவும் பிரெஞ்சு. நிலம், கட்டடம், துரை — மூன்றுக்கும் பெயர் வெளியிலிருந்து வந்திருக்கிறது. சேறு மட்டும் நம்முடையது.

இவை புத்தகங்களில் உண்டு என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதினேன். மிராசுதார் படித்துவிட்டு, "சொல்லு கொண்டாய்யா, பிரசங்கம் வேணாம்" என்றார்.

23 அக்டோபர்

காலையிலிருந்து ஒருவரும் என்னோடு பேசவில்லை. சோறு கொண்டுவரும் ஆளும் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். சொல் பொறுக்க வந்தவனுக்குப் பேச ஆளில்லை.

2 நவம்பர்

செலியமேட்டில் களையெடுப்பு. நான் வரப்பில் ஏறியதும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். அமுதம். நாற்பது வயது இருக்கும். புருஷன் சைகோனுக்குக் கப்பலேறிப் போய் ஆறு வருஷம். கடிதாசு இல்லை. மூன்று பிள்ளைகள்.

"இன்னா சாமி, களையா எண்றீங்க?"

சாமி வேண்டாம் என்றேன்.

"அப்ப இன்னான்னு கூப்புடறது? தம்பின்னா உங்க வூட்ல ஒதைக்க வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று! தம்பி என்றே கூப்பிடச் சொன்னேன். மாலைக்குள் நாலு சொல் கிடைத்தது. மோழை: கொம்பில்லாத மாடு. முசுறு: மரத்தில் கூடு கட்டும் செவ்வெறும்பு. மிலாறு: காய்ந்த சுள்ளி, பிள்ளைகளை அடிப்பதும் அதைக் கொண்டுதான். மப்பு: மழை வருமா வராதா என்று வானம் மூடிக்கிடப்பது.

"இதெல்லாம் யாரு தம்பி படிப்பாங்க?"

"பண்டிதருங்க."

"அவங்களுக்கு எறும்பு தெரியாதா?"

7 நவம்பர்

மிராசுதாரோடு சண்டை. சீட்டில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றேன்: சொன்னவர். பழைய நிகண்டுகளில் பாடினவன் பெயர் இருக்கிறது, பாட வைத்த பிரபு பெயர் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பேசிப் பேசி உயிரோடு வைத்திருந்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. இது திருட்டு என்றேன்.

"பேரு எதுக்குய்யா? குடியானவர் வழக்குன்னு போட்டுட்டுப் போ."

பெயர் இல்லாமல் ஒரு சீட்டும் தரமாட்டேன் என்று பெட்டியை மூடினேன். அவர் முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, "போட்டுக்கோ" என்றார். திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

9 நவம்பர்

அமுதத்திடம் அவள் பெயரைக் காட்டினேன். எது எது தன் எழுத்து என்று கேட்டாள். விரலால் தடவினாள். சேறு படிந்தது. சீட்டை மாற்றி எழுதவில்லை.

"கடேசி எழுத்து உங்க எழுத்தாமே? அப்ப நான் பாதி உங்க பொட்டிக்குள்ளதான் கெடக்குறன்."

13 நவம்பர்

தீபாவளி. வில்லியனூருக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

4 டிசம்பர்

இதுவரை கிடைத்ததில் இதுதான் முதல் தரம். எந்த அகராதியிலும் இல்லை.

மழையில் களத்துக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தோம். கடைசிப் பிள்ளைக்குச் சாப்பிட என்ன கொடுக்கிறாள் என்று அமுதத்திடம் கேட்டேன். மடிநெல்லு இருக்கு என்றாள். அது என்ன? அறுவடை நாளில் களத்தை விட்டுப் போகும்போது பெண்கள் சேலை மடிப்பில் இரண்டு கைப்பிடி நெல் முடிந்துகொள்வார்கள். கூலியில் சேராது. யாரும் கொடுப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. மிராசுதாரின் அப்பா காலத்திலிருந்து, களத்தை மேற்பார்க்கும் காரியக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேலையில்லாத இந்த மழை மாதங்களில் பிள்ளைகளுக்குக் கஞ்சி அதுதான்.

அறைக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். 'மடிநெல்: மடி, நெல் இரண்டும் சேர்ந்தது. அறுப்பில் பெண்கள் சேலை மடிப்பில் கொண்டுபோகும் இரண்டு கைப்பிடி நெல். களத்து அளவில் வராது. பெண்கள் வழக்கு. சொன்னவர்: அமுதம், செலியமேடு.'

ஆறு முறை படித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்ட ஆளில்லை.

5 டிசம்பர்

சனிக்கிழமை. சீட்டுகளைக் கொடுத்தேன். மிராசுதார் அந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "நல்ல சொல்லுய்யா" என்றார். முதல் தடவையாக எனக்குக் காபி வந்தது.

19 ஜனவரி 1937

எழுதத்தான் வேண்டும்.

சம்பா அறுப்பு. செலியமேட்டுக் களம். பொழுது சாயப் பெண்கள் கிளம்பினார்கள். வாசலில் பெரிய பாய் விரித்திருந்தது. பாயருகே காரியக்காரர் தணிகைவேல். அவர் கையில் — என் சீட்டு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சீட்டின் முதல் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மடிநெல்லு எங்கடி? பாயில உதறிட்டுப் போங்க எல்லாம்."

ஒருத்தியும் அசையவில்லை. அந்தச் சொல் அதுவரை ஆண் வாயிலிருந்து வந்ததில்லை. தணிகைவேல் சீட்டின் கடைசி வரிக்குப் போனார்.

"சொன்னவர், அமுதம், செலியமேடு. எவ அவ? முன்னாடி வா."

அமுதம் வந்தாள். மடியை அவிழ்த்தாள். இரண்டு கைப்பிடிதான். பாயில் கொட்டியபோது சத்தம்கூடக் கேட்கவில்லை. நாளையிலிருந்து எந்தக் களத்துக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொருத்தியாக உதறினார்கள்.

நான் வைக்கோல் போரருகே நின்றேன். வாய் திறந்தேனா? இல்லை. அமுதம் போகிறபோது என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பண்டிதருங்கன்னுதான தம்பி சொன்ன?"

20 ஜனவரி

மிராசுதாரிடம் போனேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "அந்தச் சீட்டத் திருப்பிக் குடுங்க, அந்தப் பொம்பளய வேலைக்குச் சேத்துக்குங்க" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "நான் ஒரு எழுத்து மாத்துனனா? நீ எழுதிக் குடுத்ததுதான. எங்கப்பா கண்ண மூடிக்கினாரு, யாரும் சொல்லல, அதனால மூடிக்கினாரு. நீ வெளக்கமா எழுதி நீட்டுன பொறவு எப்புடிய்யா மூடிக்கறது? பேரு வேணும்னு சண்ட போட்டதும் நீதான். குடியானவர் வழக்குன்னு போட்டிருந்தா அவளுக்கு ஒண்ணும் வந்திருக்காது."

அந்த ஆள் அயோக்கியன். ஆனால் சொன்னதில் பொய் எங்கே? இத்தனை பேரைத் திட்டி இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன். பண்டிதன், மிராசுதார், துரை. சீட்டை எழுதினது எவன்டா?

24 ஜனவரி

செலியமேடு. அமுதத்தின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளை இருமுகிற சத்தம். கூப்பிட்டேன். இருமல் நின்றது. யாரோ வாயைப் பொத்தியிருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். அரிசி கொண்டுபோயிருந்தேன். வாசலில் வைத்தேன். தெருமுனை திரும்புவதற்குள் அந்தப் பை தெருவில் கிடந்தது.

31 ஜனவரி

மிராசுதார் வெளியூர் போயிருந்தார். பெட்டியிலிருந்த சீட்டுகளில் கடைசி வரியை மட்டும் கத்தரியால் வெட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஆலை அடுப்பில் போட்டேன். சொற்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வில்லியனூர் வண்டியில் ஏறினேன். சேறு படிந்த சீட்டு ஒன்றில் மட்டும் கத்தரி வைக்க மனம் வரவில்லை. பிறகு வைத்தேன்.

1 பிப்ரவரி

அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உன் எழுத்து முடிஞ்சுதா?"

முடிஞ்சுது என்றேன்.

16 மார்ச்

புளி. மிளகாய். பருப்பு.

28 ஏப்ரல்

கடைக்கு நெல் பிடிக்க வண்டியோடு அரியூர் போனேன். நவரை அறுப்பு முடிகிற நேரம். வேறு ஒரு மிராசுதாரின் களம். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருப்பதாக வண்டிக்காரன் சொன்னான். பார்த்ததும் தெரிந்தது. அமுதமும் செலியமேட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும். இளைத்திருந்தாள்.

இங்கேயும் வாசலில் பாய் விரித்திருந்தது. காற்றில் பறந்த சேதிபோல அது இத்தனை தூரம் வந்துவிட்டிருக்கிறது. பெண்கள் ஒவ்வொருத்தியாக மடியை உதறிக் காட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. காரியக்காரர் தலையாட்டினார்.

சாலையில் என் வண்டியைக் கடந்து போனார்கள். அப்போதுதான் கண்டேன். நெல் இருக்கிறது. எதில், எப்படி என்று பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அமுதமும் பார்த்துவிட்டாள். நின்றாள்.

ஒரு சின்னப் பெண் சிரித்தாள். "இன்னா சாமி, இன்னிக்கி எழுதலியா?"

"சும்மா வாடி" என்றாள் அமுதம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் மாட்டுக் கயிறுதான் இருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நடந்தாள்.

இதற்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கும். எந்த எழுத்தில் தொடங்குகிறதோ. நான் கேட்கவில்லை. எதில் கொண்டுபோனார்கள் என்பதை இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை.