அப்பாச்சியைக் குருநகருக்கே கொண்டுபோனோம்

கோப்பாய்
14.9.1990

அன்பு மகன் வின்சன்றுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர்நாட்டில் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். அப்பாச்சி காலமான செய்தியைக் கொழும்பிலிருந்து பெர்னடெட் மாமி உனக்குச் சொல்லியிருப்பார். அழு மகன், ஆனால் பாவம் அகதியாகச் செத்த கிழவி என்று நினைத்து அழாதே.

கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கி குருநகரில் எங்கள் தெருவில் ஷெல் விழுந்ததும் ஆனி மாதம் இங்கே ஓடிவந்தோம். வெங்காயக் கொட்டிலை ஒதுக்கித் தந்தவர் தியாகலிங்கம், அப்பாச்சி நாற்பது வருடம் கடகத்தில் மீன் சுமந்து வந்து விற்ற வீட்டுக்காரர். வந்த மூன்றாம் நாளே அப்பாச்சி வீடு வீடாகப் போய் அரிசியும் மரவள்ளியும் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்கள் ஊர்ச் சனத்துக்குக் கஞ்சி காய்ச்சத் தொடங்கிவிட்டார். பின்னேரம் ஆறு மணிக்குச் செபமாலை. ஒருநாள் வானத்தில் பொம்மர் சுற்ற எல்லோரும் எழும்பி ஓட, "மாதாவை அரைவாசியிலை விட்டிட்டு எங்கை ஓடுறியள், பங்கருக்குள்ளை இருந்து முடியுங்கோ" என்று ஏசி ஏசியே பிள்ளைகளை இறக்கினார்.

ஆவணிக் கடைசியில் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு அலைந்தோம், கிடைக்கவில்லை. என் கையைப் பிடித்து, "றோஸ், என்னை என்ரை மனிசனுக்குப் பக்கத்திலை கொண்டுபோய் வை" என்றார். இந்த மாதம் முதலாம் திகதி காலை கண்ணை மூடினார். எல்லோரும் இங்கேயே அடக்கம் செய்வோம் என்றார்கள். அப்பாவும், "செத்தவவுக்காக இருக்கிறவை சாகிறதோ" என்றார். நியாயந்தான், ஆனாலும் எனக்குக் கோபம் பொங்கியது. கடலுக்குப் போகாதே என்று ஆமிக்காரர் சொன்னார்கள், போகவில்லை. வீட்டை விடு என்றார்கள், விட்டோம். எங்கள் சவத்தை எங்கே வைப்பதென்றும் ஷெல் அடிக்கிறவனா சொல்வது? "ஒருத்தரும் வரவேண்டாம், நான் தனியக் கொண்டுபோறன்" என்றேன். தியாகலிங்கம் போய் மாட்டுவண்டிலைப் பூட்டினார். அதைக் கண்டு அப்பாவும் எழும்பினார், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள்.

நல்லூர் தாண்டியதும் கெலிகொப்டர் வந்து சுட்டது. கூட வந்தவர்கள் வேலியோரம் விழுந்து படுத்தார்கள். தியாகலிங்கம் மிரண்ட மாடுகளின் கயிற்றை விடவேயில்லை. நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உரத்துச் செபம் சொன்னேன், அப்பா என் பக்கத்தில் வந்து நின்று மறுமொழி சொன்னார். வேலிக் கதியால்கள் முறிந்து விழுந்தன, எங்களில் ஒருவருக்கும் காயமில்லை. குருநகர்ச் சேமக்காலையில் அப்பாவே குழி வெட்டினார். பங்குச் சுவாமி சைக்கிளில் வந்து, தூரத்தில் ஷெல் விழ விழ, ஒரு மன்றாட்டையும் குறைக்காமல் சொல்லி முடித்தார். அப்பப்பாவின் பக்கத்திலேயே வைத்தோம். தியாகலிங்கம் திருநீற்று நெற்றியோடு மூன்று பிடி மண் போட்டு, "போயிட்டு வாங்கோ அக்கா" என்றார். அதுவரை அப்பாச்சியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எங்களையும் அங்கே கூப்பிடப் போவதாக எழுதியிருந்தாய். கோபிக்காதே ராசா, வரமாட்டோம். முப்பத்தோராம் நாள் பூசையைக் குருநகரில்தான் வைக்கிறோம். இருபத்திரண்டு வீட்டுச் சனம் வருவதாகச் சொல்லியிருக்கிறது, அன்று என்னைத் தடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒருவரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

தடித்த சட்டை போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. அதே நாளில், ஐப்பசி முதலாம் திகதி, அங்கேயும் ஒரு பூசை ஒப்புக்கொடு. அப்பாச்சியின் பெயர் கேட்டால் குருநகர் மரியநாயகி என்று ஊரையும் சேர்த்துச் சொல்லு.

உன் அம்மா
றோஸ்